சாமி வரேல்லை, சீனி இறங்கினது

லோகனுக்கு நெடுநாளாக ஒரு கோபம் உண்டு. லண்டன் தமிழருக்குள் ஒருவருக்கு நெஞ்சு வருத்தம் என்றால் சனம் குரலைத் தாழ்த்திக் கதைக்கும். புற்றுநோய் என்றால் கோயிலில் அர்ச்சனை செய்யும். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என்றால் மட்டும் வந்தவர் போனவர் எல்லாரும் டொக்டர். பிறந்தநாள் வீட்டில் ஒரு துண்டுக் கேக்கை வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். வலப்பக்கம் இருப்பவர் கறுவாத்தூள் என்பார். இடப்பக்கம் இருப்பவர் வெந்தயம் என்பார். முன்னால் நிற்கிற மனிசி, கொழும்பில் விற்கிற மரக்கோப்பையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடித்தால் சீனி பறந்துவிடும் என்பாள். பின்னாலிருந்து ஒரு குரல் குறோமியம், பேர்பெரின் என்று வாயில் நுழையாத பெயர்களைச் சொல்லும். எல்லாரும் சொல்லி முடித்துவிட்டுக் கேக்கைத் தாங்கள் சாப்பிடுவார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. சொன்னதைக் கேட்டு நடந்த ஆள் நாளைக்கு விழுந்தால், சொன்னவர்களில் ஒருவரும் பக்கத்தில் நிற்கமாட்டார்கள். “உதை ஏன் குடிச்சனீ?” என்று கேட்பதற்கு மட்டும் பழக்கூடையோடு வருவார்கள். இதுதான் லோகனுடைய கோபம். அவன் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரில் ஒரு தமிழ்க் கடையில் இறைச்சி வெட்டுகிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எலும்பு எங்கே, தசை எங்கே என்று கைக்குத் தெரியும். கதையை வளைக்கத் தெரியாது. அந்தக் கோபத்தை அவனுக்குக் கொடுத்தது அவனுடைய அக்கா குமுதாவுக்கு நடந்த சங்கதி.

குமுதா பஸ் ஓட்டுகிறவள். இரண்டு தட்டுச் சிவப்பு பஸ். நாட்டை விட்டு வந்த புதிதில் வால்தம்ஸ்டோப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் பஸ்களுக்குள் கூட்டித் துடைக்கிற வேலை. இருக்கைகளுக்கு அடியில் சூயிங்கத்தைச் சுரண்டிச் சுரண்டி அவளுக்கு வெறுத்துப்போனது. ஒருநாள் ஓட்டுநருடைய கதிரையைத் துடைத்துவிட்டு அதில் ஏறி இருந்து பார்த்திருக்கிறாள். கண்ணாடி முழுக்கத் தெரு. இறங்கி வந்தவள் நேரே மனேச்சரிடம் போய், நான் இதைப் பழக வேண்டும் என்று கேட்டாள்.

வீட்டில் பூகம்பம். அவளுடைய புருசன், “பொம்பிளை பஸ் ஓடினால் நான் சனத்தின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது? ஒண்டில் நான், இல்லாட்டி பஸ்” என்றார்.

குமுதா சோற்றுக் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “பஸ்சுக்காவது ஒரு நேர அட்டவணை இருக்கு. உங்களுக்கு அதுவும் இல்லை.”

மனிசன் சுவிசுக்குப் போய்விட்டார். பஸ் இருந்தது. பிள்ளைகள் இல்லை. லோகன் வந்து அவளோடு தங்கியவன், தங்கியவனாகவே இருந்துவிட்டான். குமுதா, குடிகாரன் பஸ்சில் ஏறினால் இறக்குவாள். தள்ளுவண்டியோடு நிற்கிற தாய்க்குக் காத்திருப்பாள். கிறிஸ்மஸ் காலத்தில் தெரு அடைத்து நின்றால் ஒரு கையால் ஸ்டீரிங்கைத் தட்டித் தாளம் போடுவாள். கராஜில் அவளை ‘குயீன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் பஸ் ஓட்டினார்கள், அவள் ஆண்டாள்.

ஆண்டவளுக்குத்தான் சீனி வந்தது. தகப்பனுக்கு இருந்தது, அவருடைய வலதுகால் அதில்தான் போனது. பஸ் ஓட்டுகிற வேலையும் அதற்கு நல்ல உரம். இருந்த இடத்தில் இருக்க வேண்டும், கிடைத்த நேரத்தில் தின்ன வேண்டும், விடியலுக்கும் பின்னேரத்துக்கும் மாறி மாறி ஷிப்ட். டொக்டர் மெட்ஃபோர்மின் குளிசை தந்தார். சில வருசம் அது தாங்கியது. பிறகு தாங்கவில்லை.

ஆஸ்பத்திரிச் சீனிக் கிளினிக்கில் பார்க்கிறவர் டொக்டர் கிரிஜா. திருநெல்வேலிக்காரி. நல்ல மனிசி, ஆனால் கறாரானவர். இரண்டாவதாக ஒரு குளிசை தந்து பார்த்தார். அது உடம்பிலுள்ள சீனியைச் சிறுநீரோடு வெளியே தள்ளுகிற சாமான். குமுதா ஒரு கிழமையில் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“டொக்டர், இது அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் போக வைக்குது. நான் பஸ்சை நடுவழியில நிப்பாட்டிப்போட்டு மக்டொனால்ட்சுக்கு ஓடவோ?”

கிரிஜா சிரித்துவிட்டார். “சரி குமுதாம்மா. இன்னொரு வகை இருக்கு. அது கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நல்லா வேலை செய்யும். ஆனா நேரத்துக்குச் சாப்பிடலைன்னா சர்க்கரை ரொம்பக் கீழ விழுந்துடும். பஸ் லைசென்ஸ் வச்சிருக்கிறவங்க அதைச் சாப்பிட்டா லைசென்ஸ் ஆபீசுக்குச் சொல்லணும். வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி விரலைக் குத்திப் பார்க்கணும், இடையிலயும் பார்க்கணும். ஓட்டவே கூடாதுன்னு இல்லை. ஒழுங்கா இருந்தா ஓட்டலாம்.”

குமுதாவுக்குக் காதில் விழுந்தது ‘லைசென்ஸ் ஆபீஸ்’ என்ற சொல் மட்டும்தான். “உந்தக் குளிசை எனக்கு வேண்டாம்” என்று எழும்பினாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கல்யாணசுந்தரம் வந்து வாய்த்தார். ஓய்வுபெற்ற கணக்காளர். பழைய மாணவர் சங்கத் தலைவர். கோடையிலும் கோட்டுப் போடுகிறவர். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கிற மண்டபத்தின் வாசலில், பிள்ளைகளைக் கூட்டிவந்த தாய் தகப்பன்மார் தேத்தண்ணியோடு காத்திருக்கிற இடத்தில், ஒரு மடிக்கிற மேசை போட்டிருப்பார். முன்பு அதில் சங்கத்தின் ஆண்டு மலர்ப் புத்தகங்களை விற்றார். இப்போது பச்சை மூடி போட்ட போத்தல்கள். ‘சீனிவெல்லி’ என்று பெயர். உள்ளே பழுப்புத் தூள் நிரப்பிய கூட்டுக் குளிசைகள்.

குமுதா ஏமாளி இல்லை. பயணிகள் காட்டுகிற கார்டைக் கண்ணால் பார்த்தே பழசா புதுசா என்று சொல்லுகிறவள். போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அண்ணை, இதுக்குள்ள இங்கிலீசு மருந்து ஏதும் இருக்கோ? நான் பஸ் ஓட்டுறவ, தெரியும்தானே.”

“பிள்ளை, குறிஞ்சா, பாகற்காய், நாவல்கொட்டை. இதென்ன மருந்தோ? சாப்பாடு! கறியில போடுற சாமானைக் கூட்டுக்குள்ள அடைச்சிருக்கு. சாப்பாட்டுக்கு ஆரும் லைசென்ஸ் ஒபிசுக்கு எழுதிப் போடுறதோ?”

அந்த இடம்தான் அவளை விழுத்தியது. மருந்து என்றால் சொல்ல வேண்டும். சாப்பாடு என்றால் சொல்லத் தேவையில்லை. டொக்டருக்கும் சொல்லவில்லை, கராஜுக்கும் சொல்லவில்லை.

லோகன் மட்டும் முணுமுணுத்தான். “குறிஞ்சா வறையைச் சின்னனில இருந்து திண்டுதானே வளந்தனாங்கள். அப்பாவும் திண்டவர். அவற்ர கால் போனதுதானே?”

“நீ ஆட்டுக்கால் வெட்டுற ஆள். மனிசக் காலைப் பற்றிக் கதையாதை” என்றாள் குமுதா.

போத்தல் வேலை செய்தது. செய்தது என்றால் அப்படி இப்படி இல்லை. இங்கிலாந்துக் கணக்கில் பதினாலில் நின்ற சீனி ஆறுக்கு வந்தது. கிளினிக்கில் கிரிஜா கணினியைப் பார்த்துவிட்டு இவளைப் பார்த்தார். “என்ன பண்ணீங்க?” என்று கேட்டார். “வாயைக் கட்டினனான்” என்றாள் குமுதா. அதுவும் பாதி உண்மை. சோற்றைக் குறைத்திருந்தாள், வேலை முடிந்து வரும்போது இரண்டு பஸ் தரிப்புக்கு முன்பே இறங்கி நடந்தாள்.

ஒரு சனிக்கிழமை கல்யாணசுந்தரம் போனை அவளுடைய வாய்க்குக் கிட்ட நீட்டினார். “நாலு சனத்துக்குப் பிரயோசனப்படட்டும், ஒரு சொல்லுச் சொல்லு பிள்ளை.” குமுதா தயங்கவில்லை. தன் வெற்றியைச் சொல்ல யாருக்குத்தான் கசக்கும்? “நான் குமுதா. பஸ் ஓட்டுற குமுதா. டொக்டர்மார் கைவிட்ட சீனியை நான் மடக்கிப்போட்டன். பயப்பிடாதேங்கோ, இது மருந்தில்லை, சாப்பாடு” என்று கம்பீரமாகச் சொன்னாள். அந்தக் குரல் வட்ஸ்அப்பில் ஏறி மோர்டனுக்குப் போனது, ரொறொன்ரோவுக்குப் போனது, சூரிச்சில் இருக்கிற பழைய புருசனுக்கும் போனதாகக் கேள்வி. லண்டன் தமிழருக்கு டொக்டர் சொன்னால் சந்தேகம். முன்னப்பின்ன தெரியாத குரல் போனில் சொன்னால் வேதவாக்கு. குடும்பம் குடும்பமாக வாங்கினார்கள்.

இடையில் சில குறிகள் இருந்தன. மதியத்துக்கு முன்பே அவளுக்குக் கைநடுங்குகிற பசி. ஜனவரியில் வேர்வை. “எனக்கு அந்த வயசு, சூடு ஏறுது” என்று சொல்லி ஒரு டொபியை வாயில் போட்டுக்கொள்வாள். டொபி அவளைக் காப்பாற்றியது என்பது அவளுக்கும் தெரியாது, பஸ்சில் இருந்தவர்களுக்கும் தெரியாது.

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. குமுதா வருசந்தவறாமல் பிடிக்கிற விரதம். ஆறு நாளும் லீவு எடுத்துவிடுவாள். வெறும் வயிற்றோடு பஸ் எடுக்கிற பழக்கம் அவளிடம் இல்லை. ஐந்து நாள் பாலும் பழமும், ஆறாம் நாள் வெறும் தண்ணீர். விரதத்தில் மருந்து கூடாது என்று மெட்ஃபோர்மினை நிறுத்தினாள். சீனிவெல்லியை நிறுத்தவில்லை. அது மூலிகைதானே, விரதத்துக்குத் தோசமில்லை என்று கல்யாணசுந்தரம் சொல்லியிருந்தார். நிறுத்தத் தேவையில்லாததை நிறுத்தி, நிறுத்த வேண்டியதை விழுங்கினாள்.

பார்க்கிங்கில் பழைய தளபாடக் களஞ்சியம் ஒன்றை வாடகைக்கு எடுத்து நடத்துகிற சின்னக் கோயில். ஆறாம் நாள் பின்னேரம் சூரன்போர். வெளியே கார் நிறுத்துமிடத்தில் சூரனைச் சில்லுப் பூட்டிய தட்டில் வைத்து இளந்தாரிகள் அங்கும் இங்கும் ஓட்டினார்கள். மேளம் காதைப் பிளந்தது. லோகன் சப்பாத்துகள் கழற்றி வைத்த இடத்தில் நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். சூரனுடைய தலை விழுந்ததும் ஒரு கூச்சல். இரண்டாவது கூச்சல் பெண்கள் பக்கத்தில் கேட்டது.

குமுதா நடுவில் நின்று ஆடிக்கொண்டிருந்தாள். சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கண் எங்கோ நின்றது. கைகள் காற்றில் ஒரு பெரிய வட்டத்தைச் சுற்றின.

“அம்மாள் வந்திட்டா! உரு வந்திட்டுது!” என்று ஒருத்தி கும்பிட்டாள். விபூதித் தட்டு ஓடி வந்தது. வேப்பிலைக்கு இங்கே எங்கே போவது, யாரோ கறிவேப்பிலைக் கொத்தைக் கொண்டுவந்து அவளுடைய கையில் திணித்தார்கள். கல்யாணசுந்தரமும் கோட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

“தாயே, என்ன வாக்கு?”

குமுதா உறுமினாள். “உள்ளுக்குப் போங்கோ! வாசல்ல நிக்காதேங்கோ! மேல இடம் இருக்கு!”

சனம் அப்படியே தரையில் விழுந்தது. “மேல இடம் இருக்காம்! அம்மாள் மோட்சத்தைச் சொல்லுறா!”

லோகனுக்கு அது மோட்சமில்லை, பஸ்சின் மேல் தட்டு என்று விளங்கியது. அவனுடைய கடை முதலாளி இன்சுலின் போடுகிறவர். அவர் இப்படி வேர்த்து, ஆளைத் தெரியாமல், கல்லாப்பெட்டியோடு சண்டை பிடித்ததை அவன் கண்டிருக்கிறான். சனத்தை இடித்துக்கொண்டு போனான்.

“விலகுங்கோ! சாமியும் இல்லை, பூதமும் இல்லை. என்ர அக்காவுக்குச் சாமி வாறதெண்டால் அப்பொயின்ற்மென்ற் எடுத்துப்போட்டுத்தான் வரும். சீனி இறங்கியிருக்கு! இனிப்பைத் தாங்கோ!”

பஞ்சாமிர்தப் பாத்திரம் கண்ணில் பட்டது. தூக்கினான்.

“ஐயோ, அது நாளைக்குப் பாறணைக்கு வைச்சது! விரதத்தை முறிக்காதை, பாவம்!”

“பாவம் எனக்கு வரட்டும். ஆள் எனக்கு வேணும்.”

அவள் இன்னும் விழுங்குகிற நிலையில் இருந்தாள். அவளுடைய வாய்க்குள் விரலால் தள்ளினான். அவள் அவனுடைய விரலைக் கடித்தாள், விழுங்கினாள், அவனுக்குக் கன்னத்தில் ஒன்று போட்டாள், மறுபடியும் விழுங்கினாள். அம்புலன்ஸ்காரர்கள் வந்து விரலைக் குத்தியபோது, நாலுக்குக் கீழே போகக் கூடாத சீனி ஒன்று தசம் ஒன்பது. பஞ்சாமிர்தத்துக்குப் பிறகு அவ்வளவு. அதற்கு முன்பு எவ்வளவு என்று முருகனுக்குத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சீனி ஏறியது. மறுபடி விழுந்தது. மறுபடி ஏற்ற, மறுபடி விழுந்தது. விரதத்தால் வந்ததென்றால் ஒருமுறையோடு நிற்க வேண்டும், இது நிற்கவில்லை. அடுத்த நாள் கிரிஜா கட்டிலடிக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

“குமுதாம்மா, வேற என்ன சாப்பிடறீங்க? நான் திட்டமாட்டேன். சொல்லுங்க.”

“மூலிகை.”

“அதைக் கொண்டு வாங்க.”

லோகன் கொண்டுவந்தான். போத்தலும் போனது, அக்காவின் இரத்தமும் போனது பரிசோதனைக்கு. முடிவு வந்தபோது கிளினிக்குக்குக் கூப்பிட்டார்கள். கிரிஜா சுற்றி வளைக்கவில்லை.

“தூளு மூலிகைதான். ஆனா அதுக்குள்ள மாத்திரையைப் பொடி பண்ணிக் கலந்திருக்காங்க. அதான் அவ்வளவு வேகமா இறங்கிச்சு. நான் எழுதித் தரேன்னு சொன்னேனே, வேண்டாம்னு எழுந்து போனீங்களே, அந்த இனம்தான். அளவும் ஒண்ணுக்கொண்ணு சரியில்லை. ஒரு கேப்சூல்ல கொஞ்சம், இன்னொண்ணுல நிறைய.”

குமுதா மடியில் கிடந்த தன் இரண்டு கைகளையும் பார்த்தாள்.

“அப்ப நான் உதை விழுங்கிப்போட்டுத்தான் பஸ் ஓடித் திரிஞ்சிருக்கிறன்.”

“ஆமா.”

“பள்ளிக்கூடம் விடுற நேரம் மேல் தட்டு முழுக்கப் பிள்ளையள் டொக்டர்.”

கிரிஜா லைசென்ஸ் விசயத்தைச் சொன்னார். அடுத்தவர் உதவியில்லாமல் மீள முடியாத அளவுக்குச் சீனி இறங்கினால், பஸ் ஓட்டுகிறவர் ஒரு வருசம் பஸ்சைத் தொடக்கூடாது. அதை அவளேதான் அறிவிக்க வேண்டும். பிறகு வேறொன்றும் சொன்னார்: “கால் விறைக்குதுன்னீங்கல்ல? மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிட்டா சிலருக்கு பி12 குறையும். ரத்தத்துல பார்த்தேன், குறைஞ்சிருக்கு. அதுக்கு நான் தரேன். சப்ளிமென்ட்டே கூடாதுன்னு நான் சொல்லலை. எதுக்குன்னு தெரியாம, உள்ள என்னன்னு தெரியாம சாப்பிடாதீங்க. சாப்பிட்டா எங்கிட்ட மறைக்காதீங்க.”

வீட்டுக்கு வந்தால் வாசலில் சனம். குமுதா இப்போது அம்மாள் இறங்கின மனிசி அல்லவா? ஒரு தம்பதி மகனுடைய விசாவுக்கு ஆசீர்வாதம் கேட்டு வெற்றிலைத் தட்டோடு நின்றார்கள். “நான் பஸ் ஓட்டுறவ. ரிக்கெற் இல்லாட்டி இறக்கிவிடுவன். விசா தரமாட்டன்” என்று கதவைச் சாத்தினாள்.

பின்னேரம் கல்யாணசுந்தரம் பழக்கூடையோடு வந்தார். லோகன் நினைத்தபடியே நடந்தது. குமுதா பரிசோதனை முடிவைச் சொன்னாள். மனிசனுக்கு ஒரு நொடி முகம் வெளுத்தது. உண்மையிலேயே அவருக்குத் தெரியாதுபோல இருந்தது. ஆனால் அந்த ஒரு நொடிதான். பிறகு கணக்காளர் திரும்பி வந்துவிட்டார்.

“பிள்ளை, யோசிச்சுப் பார். கோயில் முழுக்கச் சாமி வந்ததெண்டுதான் கண்டது. நீயும் அப்பிடியே விடு. லைசென்ஸ் ஒபிசுக்குச் சாமி வந்ததை ஆரும் எழுதுறதோ? உன்ர பஸ் உனக்கு. என்ர மானம் எனக்கு. எத்தினை சனத்துக்கு இதால சீனி இறங்கியிருக்கு, தெரியுமே?”

“இறங்கும்தானே அண்ணை, உள்ளுக்குக் குளிசை கிடந்தால். அதைத்தானே ஆஸ்பத்திரியில கேக்காமலே தருகினம். விரலைக் குத்து, நேரத்துக்குத் தின், கவனமா இரு எண்டு சொல்லித் தருகினம். நீங்கள் சொல்லாமல் தந்தியள்.”

“நான் என்ன, வேணுமெண்டோ செய்தனான்?”

“தெரியாமல் வித்தது இண்டைவரைக்கும். இனி விக்கிறது தெரிஞ்சு விக்கிறது. நிப்பாட்டுவியளோ, இல்லையோ?”

அவர் கூடையை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

லோகன் அக்காவுக்கு முன்னால் வந்து இருந்தான். அவனுக்கு அந்த ஸ்டீரிங் அவளுக்கு என்னவென்று தெரியும். புருசனை விட்டுக்கொடுத்து வாங்கின ஸ்டீரிங். “அக்கா, அந்தாள் கள்ளன்தான். ஆனால் இனி நீங்கள் அதை விழுங்கப் போறதில்லையே. பேசாமல் இருந்தால் என்ன? ஒரு வருசம் வீட்டில இருந்து என்ன செய்யப் போறியள்? என்னைத்தான் திண்டு முடிப்பியள்.”

“டேய் லோகு, என்ர பஸ்சில ஏறுற சனத்துக்கு என்ர பேர் தெரியாது. ஆனால் கண்ணை மூடி நித்திரை கொள்ளுதுகள். என்ன நம்பிக்கையில? இந்த மனிசி சரியான ஆள் எண்ட நம்பிக்கையில. அதை வைச்சுக்கொண்டு நான் பொய் சொல்லி ஏறி இருந்தால், ஸ்டீரிங் என்ர கையில இருந்தென்ன, கல்யாணசுந்தரத்தின்ர கையில இருந்தென்ன?”

அடுத்த நாள் காலை சீருடையைத் தோய்த்து, மடித்து, ஸ்திரி போட்டுக் கராஜுக்குக் கொண்டுபோனாள். லைசென்ஸ் காரியாலயத்துக்கும் அறிவித்தாள். மனேச்சர் நல்லவர், வேறு ஏதாவது வேலை பார்ப்போம் என்றார், வாக்குக் கொடுக்கவில்லை. அவள் வெளியே வரும்போது ஓட்டுநர்கள் எழும்பி நின்றார்களாம். “செத்தவீட்டுக்கு நிக்கிறமாதிரி நிண்டாங்கள், விசரங்கள்” என்று திட்டினாள். அன்று மட்டும் தேத்தண்ணிக்குச் சீனி போடவா என்று லோகன் கேட்டான். தேத்தண்ணிக் கோப்பை அவனுடைய தலைக்கு மேலால் பறந்தது.

அன்றே போனை எடுத்து இரண்டாவது குரலைப் பதிந்தாள். “நான் குமுதா. பஸ் ஓட்டின குமுதா. கோயில்ல எனக்குச் சாமி வரேல்லை, சீனி இறங்கினது. அந்தப் போத்திலுக்குள்ள இங்கிலீசுக் குளிசையை அரைச்சுக் கலந்திருக்கு. முந்தி நான் சொன்னது பிழை. என்ர சொல்லைக் கேட்டு வாங்கின ஆக்கள் போத்திலை எடுத்துக்கொண்டு இண்டைக்கே டொக்டரிட்டப் போங்கோ.”

அதைக் கேட்டதும் சனம் கொதித்தது. அம்மாளைப் பழிக்கிறாள் என்றார்கள். மருந்துக் கம்பனியிடம் வாங்கிவிட்டாள் என்றார்கள். சங்கத் தலைவர் பதவிக்குக் கண் வைக்கிறாள் என்றார்கள். அவளோ அந்தச் சங்கத்தின் ஒன்றுகூடலுக்குக் கொத்துரொட்டிக்காக மட்டும் போகிறவள். சிலர் மட்டும் பொது இடத்தில் ஒன்றும் எழுதாமல் தனியாக எடுத்தார்கள். “அக்கா, எனக்கும் மத்தியானத்தில கை நடுங்குது” என்று மெதுவான குரலில் சொன்னார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் அவள் ஒரே பதிலைச் சொன்னாள்: நீங்களாக எதையும் கூட்டாதேங்கோ, குறைக்காதேங்கோ, போத்திலோடு டொக்டரிட்டப் போங்கோ, போய்ச் சேருமட்டும் வயிறு காயவிடாதேங்கோ.

கிரிஜா மூலமாகப் போத்தல் விசயம் மேலிடத்துக்கும் போனது. உள்ளூர்க் கவுன்சிலில் இருந்து ஒருவர் பேசினார். விசாரிப்போம், ஆனால் நாள் எடுக்கும் என்றார்.

சனிக்கிழமை வந்தது. லோகனுக்குக் கடையில் அலுவல். இருந்தாலும் குமுதா வான் வண்டியை எடு என்றாள், எடுத்தான். வால்தம்ஸ்டோ மண்டபத்து வாசலில் வழமைபோலத் தேத்தண்ணி ஆவி, பிள்ளைகளின் பைகள், தாய் தகப்பன்மார். மேசை அதே இடத்தில். பச்சை மூடிகள் வரிசையாக. மேசை நடுவில் ஒரு சின்ன ஒலிபெருக்கி. அதற்குள்ளிருந்து குமுதாவுடைய பழைய குரல் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது: “பயப்பிடாதேங்கோ, இது மருந்தில்லை, சாப்பாடு.”

உயிரோடு இருக்கிற ஆளின் குரலை அந்த ஆளுக்கு எதிராகவே நிறுத்தி வியாபாரம் செய்கிறதை லோகன் அன்றுதான் கண்டான். அவனுக்கு இறைச்சிக் கத்தி ஞாபகம் வந்தது. நல்லவேளை, கடையில் இருந்தது.

குமுதா போய் ஒலிபெருக்கியை நிறுத்தினாள். தேத்தண்ணியோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னண்ணை, என்ர வாயை வாடகைக்கு எடுத்திருக்கிறியளோ?”

“பிள்ளை, சனத்துக்கு முன்னால வேண்டாம்.”

“சனத்துக்கு முன்னாலதானே விக்கிறியள்.”

“ஆதாரம் வரட்டும். கவுன்சில் வந்து சொல்லட்டும். நான் சட்டம் தெரிஞ்ச ஆள்.”

“கவுன்சில் வரும். அவைக்கு நாள் எடுக்கும். நான் இண்டைக்கே வந்திட்டன்.”

கூட்டத்துக்குள்ளிருந்து ஒருத்தி, கையில் அப்போதுதான் வாங்கிய போத்தல், தயங்கித் தயங்கிக் கேட்டாள். “அக்கா, என்ர அவருக்கு இதால நல்லா இறங்கினது. அவர் லொறி ஓடுறவர்...”

குமுதா அவளைப் பார்த்தாள். குரல் தணிந்தது. “எங்க பிள்ளை இப்ப அவர்?”

“வேலையில.”

“போன் எடு. இப்பவே எடு. ஓரமா நிப்பாட்டச் சொல்லு. இனிப்பா ஏதாவது குடிக்கச் சொல்லு. பிறகு அவர் ஓட வேண்டாம். நேரே டொக்டரிட்ட.”

அந்தப் பெண் போனோடு வெளியே ஓடினாள். அவ்வளவுதான், வாசலில் நின்றவர்களுடைய முகங்கள் மாறின. ஒருவர் தன் பைக்குள் கைவிட்டுப் போத்தலை எடுத்துக் குப்பைக்குள் போடப் போனார். “எறியாதேங்கோ! டொக்டருக்குக் காட்ட வேணும்” என்று குமுதா அதட்டினாள். கல்யாணசுந்தரம் இரண்டு கைகளையும் விரித்து மேசைக்கு முன்னால் மறித்து நின்றார். டையின் முடிச்சுக் காதுப்பக்கம் போயிருந்தது.

“இதில ஒருத்தரும் கைவைக்கேலாது! இது சங்கத்தின்ர மேசை!”

“மேசை சங்கத்துக்குத் திரும்பி வரும் அண்ணை. சாமான் வாசலைத் தாண்டி றோட்டுக்குப் போகுது. உங்கட வானில ஏத்துறதோ, கவுன்சில்காரன் வருமட்டும் காவல் இருக்கிறதோ, அது உங்கட பாடு. பிள்ளையள் படிக்கிற இடத்தில இனி இது நிக்காது.”

அவள் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். மேசையின் ஒரு பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். போத்தல்கள் ஒன்றோடொன்று முட்டிக் கலகலத்தன. மறுபக்கத்தைப் பிடிக்க யாரும் வரவில்லை. எல்லாரும் நின்றார்கள், லோகனும் நின்றான். குமுதா திரும்பி அவனைப் பார்த்தாள்.

“டேய், என்ன படமோ பாக்கிறாய்? மற்றப் பக்கத்தைப் பிடி.”